பேசிப் பேசியே வளரும் சந்தை

மின்சார காரும் சார்ஜரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. அதை விற்க ஒரு சந்தை இருக்கிறது. அந்தச் சந்தை எப்படி வளரப்போகிறது என்று கணித்துச் சொல்வதற்கு இன்னொரு தொழிலும் இருக்கிறது. புனேயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து குவியும் ஆய்வறிக்கைகளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஒரே ஆண்டு, ஒரே சந்தை. ஓர் அறிக்கை ஒரு தொகை சொல்லும், அடுத்தது வேறு தொகை சொல்லும். ஆனால் கோடு மட்டும் எல்லா அறிக்கையிலும் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கும். தொகையில் ஆளுக்கொரு கருத்து, திசையில் அத்தனை பேருக்கும் ஒரே கருத்து. இப்படியொரு ஒற்றுமை வேறெந்தத் துறையில் உண்டு? முழு அறிக்கையைப் படிக்க ஆயிரக்கணக்கில் டாலர் கட்ட வேண்டும். ஏழைகளுக்கு முதல் பக்கத்துப் படம் இலவசம்.

இந்தத் துறையைப் புகழாமல் இருப்பது நன்றிகெட்டதனம். அதனால் புகழ்கிறேன்.

முதலில் பெட்ரோல் பங்க்குகளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர். நூறாண்டுக்கு மேல் தொழில் நடத்தியும் அங்கே வண்டிக்கும் பம்புக்கும் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. “எவ்ளோண்ணே?” “ஐநூறுக்குப் போடுப்பா.” “ஜீரோ பாத்துக்குங்க.” அவ்வளவுதான், முடிந்தது. மாருதிக்கு ஒரு வாய், டொயோட்டாவுக்கு வேறொரு வாய் என்று குழாயைப் பிரித்துச் செய்கிற கற்பனை அவர்களுக்கு உதிக்கவே இல்லை. வந்தவரின் செல் நம்பர், மின்னஞ்சல், ஓடிபி எதையும் கேட்டு வைக்கும் அக்கறையும் இல்லை. எந்த ஊர் பங்க்கிலும் எந்த ஊர் வண்டியும் நின்று ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறது. இப்படி இருந்தால் தகவல் தொடர்புச் சந்தை எங்கிருந்து வளரும்?

மின்வண்டிக்காரர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 2010இல் ஜப்பானியர்கள் சாடெமோ என்ற வேகச் சார்ஜ் முறைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். காருக்குள்ளே பாகங்கள் பேசிக்கொள்ளும் கேன் என்ற பழைய முறையிலேயே காரும் சார்ஜரும் பேசின. வேலை நடந்தது. நடந்துவிட்டதே என்று உலகம் சும்மா இருந்துவிடுமா? 2012இல் ஜெர்மன், அமெரிக்க நிறுவனங்கள் எட்டு கூடி சிசிஎஸ் என்று இன்னொரு முறையைக் கொண்டுவந்தன. பிளக் வேறு, பேச்சும் வேறு: வீட்டு மின்கம்பி வழியே இன்டர்நெட் அனுப்ப உண்டான ஹோம்பிளக் தொழில்நுட்பத்தைக் காருக்கு ஏற்றபடி தைத்துக்கொண்டார்கள். அந்த ஒன்றிலும் ஐரோப்பாவுக்கு ஒரு வடிவம், அமெரிக்காவுக்கு ஒரு வடிவம். சீனா தன் பங்குக்கு ஜிபி/டி என்று ஒன்றை வகுத்தது. டெஸ்லா யாரோடும் சேராமல் தனக்கென்று ஒரு பிளக் செய்துகொண்டது. பத்தாண்டு கழித்து, 2022 நவம்பரில், அதற்கே ‘வட அமெரிக்காவின் சார்ஜிங் தரம்’ என்று பெயர் சூட்டிக் கதவைத் திறந்துவிட்டது. 2023இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அந்தப் பக்கம் போயின. 2012இல் கூடிய எட்டுப் பேரில் இந்த இருவரும் உண்டு. இப்போது அங்கே பிளக் டெஸ்லாவுடையது, அதன் வழியே நடக்கும் பேச்சு சிசிஎஸ்ஸுடையது. இடையில் அடாப்டர் விற்றவர்களின் குடும்பமும் பிழைத்தது. ஒரே ஒரு பிளக்கோடு நின்றிருந்தால் இத்தனை பேருக்கு வாழ்வு கிடைத்திருக்குமா?

நம் நாடு இதில் காட்டிய தாராளம் தனியாகச் சொல்ல வேண்டியது. 2017இல் பாரத் ஏசி-001, பாரத் டிசி-001 என்று நமக்கே நமக்கென இரண்டு சார்ஜர்களை வகுத்தோம். 2018 டிசம்பரில் மத்திய மின்துறை ஒரு நெறிமுறை வெளியிட்டது: பொது சார்ஜிங் நிலையம் வைப்பவர் சிசிஎஸ், சாடெமோ, டைப்-2, பாரத் டிசி, பாரத் ஏசி என்று ஐந்து வகையும் வைத்தாக வேண்டும். சாடெமோ பிளக் கேட்கும் கார் நம் சாலைகளில் தேடினாலும் அகப்படாது. அதனால் என்ன? வந்தால் ஏமாந்து போகக் கூடாதல்லவா? பிறகு அரசே அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திக்கொண்டது. அதற்குள் வந்த கார்களில் பெரும்பாலானவை சிசிஎஸ்ஸின் ஐரோப்பிய வடிவமான சிசிஎஸ்-2 பக்கம் போய்விட்டன. 15 கிலோவாட் பாரத் டிசி இயந்திரங்கள் சில, அரசு அலுவலக வளாகங்களில் யாருக்கும் தொந்தரவு தராமல் நிற்கின்றன.

இன்னும் பெருமையான செய்தி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஓசூரில் டிவிஎஸ், அங்கேயே ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. இந்தியாவின் மின் ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு இந்த ஒரு மாவட்டத்தின் கேட்டைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. ஒரே மாவட்டம், ஒரே மின்வாரியம். இருந்தும் ஏத்தரின் வேகச் சார்ஜர் ஓலாவுக்குப் பொருந்தாது, ஓலாவினுடையது ஏத்தருக்குப் பொருந்தாது. இருசக்கர வண்டிக்கென்று ஒரு பொது பிளக்கை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் அங்கீகரித்தது. அது ஏத்தர் வடிவமைத்த பிளக். ஹீரோவின் விடாவும் அதோடு சேர்ந்துகொண்டது. ஏத்தரின் முதல் ஸ்கூட்டர்கள் சாலைக்கு வந்தது 2018இல். ஐந்தாண்டு கழித்துத் தரம் வந்தது என்று யாரும் குறை சொல்லக் கூடாது. பிள்ளை பள்ளிக்கூடம் சேர்கிற வயதில் பெயர் வைத்தால் ஆகாதா என்ன?

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே ஓர் அப்பாவி இருக்கிறான். பிளக்கின் ஓரத்தில் ‘கன்ட்ரோல் பைலட்’ என்று ஒற்றைக் கம்பி. வண்டி இல்லாதபோது அதில் 12 வோல்ட். வண்டி மாட்டினால் 9. ‘தயார், கொடு’ என்றால் 6. நொடிக்கு ஆயிரம் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதுதான் செய்தி. பத்து சதவீதம் என்றால் 6 ஆம்பியர் எடுத்துக்கொள். ஐம்பது சதவீதம் என்றால் 30 ஆம்பியர். சர்வர் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம், கையொப்பம் வேண்டாம். மழையிலும் வெயிலிலும் சொன்னதையே சொல்லிக்கொண்டு கிடக்கும். இதைப் பற்றி யாராவது சந்தை அறிக்கை எழுதியிருக்கிறார்களா? கெட்டுப்போகாத பொருளில் என்ன வளர்ச்சி? நல்லவேளையாக அதே கம்பியில் ஒரு ரகசியக் குறி வைத்தார்கள்: துடிப்பு ஐந்து சதவீதமாகச் சுருங்கினால், ‘இனி டிஜிட்டலில் பேசிக்கொள்வோம்’ என்று பொருள். சந்தை அங்கேதான் கடை திறக்கிறது.

வேகச் சார்ஜில் பேட்டரி தன் வோல்டேஜையும் தாங்கக்கூடிய கரண்ட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் பேட்டரி பாழாகும். அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது கஞ்சத்தனம் என்று துறை கருதியது. சார்ஜரின் கன்னை, அதாவது கைப்பிடி பிளக்கை, மாட்டியதும் காரின் முதல் கேள்வி, ‘என்னை எந்தச் சார்ஜரில் மாட்டியிருக்கிறார்கள்?’ என்பது. மாட்டிய மனிதனுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிற பையனுக்கும் தெரியும். காருக்குத் தெரியாது. ஏனென்றால் பேச்சைச் சுமக்கும் ஹோம்பிளக் அலை பக்கத்துக் கேபிளுக்கும் கசியும். ஆகவே கார் ஓசை எழுப்பும்; சுற்றியுள்ள சார்ஜர்கள் தங்கள் காதில் அது எவ்வளவு தேய்ந்து விழுந்தது என்று அளந்து சொல்லும்; யாருக்கு உரக்கக் கேட்டதோ அவரே சொந்தக்காரர். கசிகிற முறையைத் தேர்ந்தெடுத்து, கசிவை அளக்க ஒரு முறையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு கல்லில் இரண்டு பேட்டண்ட்.

அடுத்தது தரப் பதிப்புகளின் வளம். ஐஎஸ்ஓ 15118 தயாராகும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஜெர்மானியர்கள் டின் 70121 என்று ஒன்றை எழுதினார்கள். தற்காலிகம் இன்றைக்கும் ஏராளமான கார்களில் வேலை செய்கிறது. நிரந்தரமானது 2014இல் வந்தது. 2022இல் அதன் அடுத்த பதிப்பு வந்தது. முந்தையதோடு அது பொருந்தாது. சார்ஜரும் சர்வரும் பேசும் ஓசிபிபி நெதர்லாந்தில் 2009இல் பிறந்தது. அதன் 1.6 பதிப்பு 2015இல் வந்து ஊரெல்லாம் பரவியது. 2.0 என்று ஒன்றை 2018இல் விட்டார்கள், 2020இல் 2.0.1 வந்து அதைத் தள்ளிவைத்தது, இதுவும் 1.6ஓடு பொருந்தாது. பழையதோடு பொருந்திவிட்டால் புதியதை யார் வாங்குவார்கள்? எல்லோரும் ஒரே தரத்தைப் பின்பற்றினாலும் ஒருவர் கார் இன்னொருவர் சார்ஜரோடு பேசுமா என்ற ஐயம் மிச்சமிருந்தது. அதற்கு சாரின் என்ற கூட்டமைப்பு ‘டெஸ்டிவல்’ என்று திருவிழாவே நடத்துகிறது. நிறுவனங்கள் காரும் சார்ஜருமாக வந்து மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கின்றன. எல்லாம் எல்லாவற்றோடும் பேச வேண்டும் என்று எழுதிய தரம், பேசுகிறதா என்று பார்க்க ஒரு விழா! தமிழன் கூட இத்தனை விழா கண்டவன் அல்லன்.

‘பிளக் அண்ட் சார்ஜ்’ என்பது இதன் மணிமகுடம். கன்னை மாட்டினால் போதும், பணம் தானே கழியும். அதற்குக் கார் நிறுவனம், சார்ஜர் நிறுவனம், கரண்ட் விற்பவர் ஆகிய அனைவரும் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். நம்புவதற்கு டிஜிட்டல் சான்றிதழ், சான்றிதழுக்கு மேலே சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அடியில் வேர்ச் சான்றிதழ். அந்த வேர் யார் தோட்டத்தில் இருப்பது என்பதில் மட்டும் போட்டி. நம்பிக்கை என்பது இவ்வளவு இலாபகரமான சரக்கு என்று நம் முன்னோருக்குத் தெரியாமல் போயிற்றே.

இந்த அறிவெல்லாம் ஒன்றுகூடி வேலை செய்வதை நேரில் பார்க்கும் பேறு எனக்கும் கிடைத்தது. சென்னை–திருச்சி சாலையில் ஒரு ஓட்டலின் பின்கட்டு. கன்னை மாட்டினேன். கார்ப் பக்கம் ‘டக்’ என்று பூட்டு விழுந்தது. திரையில் ‘பிரிப்பேரிங்’. செல்போனில் வட்டம் சுற்றியது. உள்ளே ரிலே ஒருமுறை தட்டியது. அடுத்து சிவப்பு விளக்கு: ‘கம்யூனிகேஷன் எரர்’. கஸ்டமர் கேரில் ஒரு பெண் இனிமையாகச் சொன்னார்: “எங்க சிஸ்டத்துல அந்த சார்ஜர் ஆன்லைன்னுதான் சார் காட்டுது.”

டீ டம்ளரோடு வாட்ச்மேன் அண்ணன் வந்தார்.

“கன்னைக் கழட்டுங்க சார். இழுக்காதீங்க, லாக் விடட்டும். இப்ப அந்தச் செவப்பு பட்டனை அமுக்குங்க. பத்து எண்ணிட்டுத் திருப்பி விடுங்க.”

“அதேதான் வருதுண்ணே.”

“அப்ப மெயின்லதான் போகணும்.” இடுப்புச் சாவியால் பெட்டியைத் திறந்து எம்சிபியை இறக்கினார், ஏற்றினார். இயந்திரம் செத்துப் பிழைத்தது. “வண்டியை ஆஃப் பண்ணி லாக் பண்ணுங்க. கன்னை இப்படிக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. தொங்குச்சுன்னா அது பேசாது சார்.”

பேசியது. சார்ஜ் ஏறியது. அவருக்குச் சம்பளம் தருவது ஓட்டல். எந்த ஆய்வறிக்கையின் சந்தைப் பங்கிலும் அவர் வரமாட்டார். வந்தால் வளர்ச்சி விகிதம் குறைந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

பணம் கட்டும் முறையில் துறை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. கம்பெனிக்கு ஒரு ஆப். ஆப்புக்கு ஒரு வாலட். வாலட்டில் முன்கூட்டியே பணம். காய்கறிக்காரப் பாட்டியிடம் பத்து ரூபாய்க்கு யூபிஐ ஓடுகிற நாட்டில், சில லட்ச ரூபாய் இயந்திரத்தின் முன்னே நின்று, சிக்னல் இல்லாத பின்கட்டில், புதிய ஆப்பை இறக்கி, ஓடிபிக்குக் காத்து, ஐநூறு ரூபாய் ஏற்றி, முந்நூற்றுச் சொச்சத்துக்கு சார்ஜ் செய்து, மிச்சத்தை அந்தக் கம்பெனியின் பாதுகாப்பிலேயே விட்டுவிட்டு வர முடிகிறது. மிச்சம் எங்கும் போகாது. மறுபடி அந்த வழியே போகும்போது, அந்த இயந்திரம் வேலை செய்தால், எடுத்துக்கொள்ளலாம். ஆப்கள் அதிகமாகிவிட்டன என்ற புகார் டெல்லிவரை எட்டியது. 10,900 கோடி ரூபாய் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி ஒதுக்கிய மத்திய அரசு, பெல் நிறுவனத்தின் பொறுப்பில் எல்லாவற்றையும் இணைக்கும் ‘சூப்பர் ஆப்’ ஒன்றை 2025இல் அறிவித்தது. ஏழு ஆப் தந்த தலைவலிக்கு எட்டாவதாக ஓர் ஆப். மருத்துவம் அறிந்தவர்கள்.

இந்த இயந்திரங்கள் எவ்வளவு நேரம் வேலை செய்கின்றன என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2022இல் சில ஆராய்ச்சியாளர்கள் வேலையற்றுப் போய் 181 நிலையங்களில் 657 கன்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் சார்ஜ் ஏறினால் போதும், தேர்ச்சி. 72.5 சதவீதம் தேறின. மற்றவற்றில் திரை உறைந்தவை, கார்டு ஏற்காதவை, நெட்வொர்க் இல்லாதவை, பேச்சையே தொடங்காதவை; மொத்தத்தில் 4.9 சதவீதத்தில் கேபிள் காரை எட்டவில்லை. நிறுவனங்கள் சொன்ன கணக்கோ 95 முதல் 98 சதவீதம். இரண்டும் உண்மையே. இயந்திரம் சர்வரோடு பேசினால் அது ‘இயங்குகிறது’. உங்கள் காரோடு பேசவில்லை என்றால் அது உங்கள் குடும்ப விஷயம். வேலை செய்யாத இயந்திரங்களின் தோற்றத்தையும் பாராட்ட வேண்டும். பிடி தேயவில்லை, பெயின்ட் உரியவில்லை, திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. சங்கப் பாட்டில் வரும் அதியமானின் வேல் போல நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் கேவலம் இவற்றுக்கு இல்லை. தொண்டைமானின் படைக்கலம் போலப் புதுக்கருக்கு மாறாமல் பளபளக்கின்றன.

காரோடு பேசுவதில் கூச்சம் இருந்தாலும் மற்றவர்களோடு பேசுவதில் இவை தாராளம். 2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைன் போர் தொடங்கிய கையோடு, மாஸ்கோ–செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எம்-11 நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் சார்ஜ் தர மறுத்து, திரையில் புதினை வைது, உக்ரைனை வாழ்த்தின. உதிரிபாகம் தந்த உக்ரைன் நிறுவனம் தொலைவிலிருந்தே உள்ளே நுழைய வழி வைத்திருந்ததாம். தொலைதூரத் தகவல் தொடர்புக்கு இதைவிட நற்சான்று கிடையாது. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்களும் சுவிஸ் பாதுகாப்புத் துறையினரும், சிசிஎஸ் சார்ஜ் ஏறுவதை ஒரு வாட்டுக்கும் குறைவான ரேடியோ அலையால் 47 மீட்டர் தள்ளியிருந்தே அறுத்துவிடலாம் என்று காட்டினார்கள். கம்பி வழிப் பேச்சைக் கம்பியைத் தொடாமலே நிறுத்தலாம். திறந்த மனம் என்றால் இதுதான். 2024 அக்டோபரில் இத்தாலியின் எனெல் எக்ஸ் வே வட அமெரிக்கக் கடையைக் கட்டியபோது, வீட்டுச் சுவரில் காசு கொடுத்து மாட்டிய ஜூஸ்பாக்ஸ் சார்ஜர்கள் தங்கள் ஆப் என்னாகும் என்று விழித்தன. வணிக இடங்களில் இருந்தவை சேவையையே இழக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. முதலாளி போனபின் பேச மறுத்த விசுவாசம் அது. மூன்று செய்திக்குப் பிறகும் சந்தை வளர்ந்தது: ‘சார்ஜிங் இணையப் பாதுகாப்பு’ என்று புதிதாக ஓர் அறிக்கை வகை பிறந்தது.

இவ்வளவையும் கெடுக்க வெளிநாடுகளில் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். பிரிட்டன் 2023இல் ஒரு சட்டம் போட்டது: வேகச் சார்ஜர் வலைகள் ஆண்டுச் சராசரியில் 99 சதவீதம் வேலை செய்ய வேண்டும், சாதாரண வங்கிக் கார்டைத் தட்டினால் பணம் எடுத்துக்கொள்ள வேண்டும், தவறினால் அபராதம். ஐரோப்பிய ஒன்றியமும் 2024 ஏப்ரலிலிருந்து, புதிதாக வைக்கும் வேகச் சார்ஜர்களில் கார்டு வாங்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. வாலட், ஆப், மிச்சப் பணம் எல்லாவற்றின் வயிற்றிலும் அடிக்கும் ஏற்பாடு.

நம் அதிகாரிகள் அந்தக் கெட்ட சகவாசத்தைத் தவிர்க்க வேண்டும். இங்கே மானியம் இதுவரை, இயந்திரம் வாங்கி நட்டதற்கே பெரும்பாலும் கிடைத்து வந்திருக்கிறது. நட்டபின் அது யாரோடு பேசுகிறது, யாரோடு பேசவில்லை என்று கேட்டு அதன் மனத்தைப் புண்படுத்துவதில்லை. அந்த நாகரிகம் தொடரட்டும். ‘நட்ட இயந்திரத்துக்கு அல்ல, காரில் ஏற்றிய யூனிட்டுக்கே மானியம், வாங்குகிற பணம் யூபிஐயில்’ என்று டெண்டரில் இரண்டே வரி சேர்த்தால் போதும், பத்துப் பதினைந்து ஆண்டு பேசிப் பேசி வளர்த்த சந்தை படுத்துவிடும், கார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாவத்தை அரசு செய்யாதிருக்கட்டும்.